அவள் பக்கத்துச் சிக்னல்

எங்கள் வீட்டு மாடி அறையில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்தடி தூரம்தான். மில்லில் எலக்ட்ரிக்கல் செக்ஷனிலிருந்து ஓய்வு பெற்றதும், சும்மா இருக்கப் பிடிக்காமல், ப்ளைவுட் பலகைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு பொம்மை ரயில் பாதை அமைத்தேன். ஒற்றைப் பாதை, இரண்டு ஸ்டேஷன். ராஜபாளையம் என்னுடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் என் மனைவியுடையது. அவள் பிறந்த ஊர், வேறு யாருக்கும் விட்டுத் தர மாட்டாள்.

வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் கையில். அவள் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சிக்னல் கம்பம். அதன் சுவிட்ச் அவள் கையில். கம்பத்துக்கு முன்னால் ஒரு முழம் தண்டவாளத்தைத் தனியாகப் பிரித்து, அதற்குப் போகும் கரண்ட்டை அவள் சுவிட்ச் வழியாக விட்டிருந்தேன். அவள் சிவப்புப் போட்டால் அந்த ஒரு முழத்தில் கரண்ட் இருக்காது. நான் என்ன திருகினாலும் வண்டி அங்கே நின்றுவிடும். நானே யோசித்துச் செய்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அவளோ நினைத்த நேரத்தில் சிவப்புப் போட்டாள். தீக்குச்சிகளில் ஆட்கள் செய்து, ரவிக்கைத் துண்டை வெட்டி உடுத்திவிட்டு, ப்ளாட்பாரத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தாள். அதில் ஒருத்தி சாய்ந்தால் போதும், சிவப்பு.

"ஏட்டி, பச்சையைப் போடு" என்று கத்துவேன்.

"செத்த நேரம் பொறுங்க. ஆளுக இறங்க வேணாமா?" என்பாள்.

பொங்கலுக்கு என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களை நிற்க வைத்து வண்டியைக் கிளப்பினேன். அது ஸ்ரீவில்லிபுத்தூர் வாசலில் போய் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவள் சாவகாசமாக ஒரு தீக்குச்சிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். "இங்க ஸ்டேஷன் மாஸ்டர் யாருன்னு இப்பத் தெரிஞ்சு போச்சு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் முகம் எரிந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் சட்டென்று போகாது.

மறுநாள் அவள் தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனதும் மேஜைக்கு அடியில் படுத்தேன். அவள் சுவிட்சை விட்டுவிட்டு ஒயரை நேராக இணைத்தேன். விளக்கு மட்டும் அவள் சொல்வதைக் கேட்கும், தண்டவாளம் கேட்காது. அவள் சிவப்புப் போட்டால் நானே பார்த்துத் திருகைக் குறைத்து நிறுத்துவேன். அவசரமாக இருந்தால், "இப்பத்தான் தாண்டிருச்சு, லேட்டாப் போட்டுட்ட" என்பேன். அவளும் நம்பினாள். இரண்டொரு நாளில் பழையபடி மாற்றிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வசதியாக இருந்ததால் மாற்றவில்லை.

சித்திரையில் ஒருநாள் தண்டவாளத்தில் விழுந்த தீக்குச்சி ஆளை எடுக்க, அவள் சிவப்புப் போட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். நான் போனில் குடும்பக் குரூப்பில் யாரோ அனுப்பிய காலை வணக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நேராகப் போய் அவள் விரலில் மோதி, சிக்னல் கம்பத்தைச் சாய்த்து, எஞ்சின் மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. விரலில் லேசான கீறல்தான்.

அவள் விரலைப் பார்க்கவில்லை. அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்தாள். "சிவப்புத்தான் போட்டேன்னு நெனச்சேன். நான்தான் சரியா அமுக்கலை போல" என்றாள்.

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் எஞ்சினைப் பொறுக்கிக்கொண்டே, "வயசாகுதுல்ல, விடு" என்றேன்.

அதோடு நிறுத்தினேனா? அவள் கீழே போனதும் முதல் காரியமாக ஒயரைப் பழையபடி அவள் சுவிட்சோடு சேர்த்துவைத்தேன். அவளுக்கு நியாயம் செய்ய அல்ல, அகப்பட்டுவிடக் கூடாது என்று.

பிறகு அவளிடம் ஒரு தடுமாற்றம் வந்தது. கேஸை அணைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்த்தாள். கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி இழுத்தாள். ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் பாதியிலேயே ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். பின்னால் லாரி ஹாரன் அடித்ததும், பிரேக்கைப் பிடித்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்ததாம். அந்த வாரமே மம்சாபுரத்தில் இருக்கும் தன் தங்கை மகளைப் போனில் கூப்பிட்டு, வேலைக்குப் போக வண்டி வேண்டுமென்றாயே, வந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அந்த வண்டியில்தான் அவள் யாரையும் கேட்காமல் நினைத்த நேரம் கிளம்புவாள், நினைத்த நேரம் வருவாள்.

அதைக் கொடுக்க விடக் கூடாது என்று தோன்றியது. மறுநாள் காலையில் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பொங்கலுக்கு வந்தவர்கள் சிரித்தது, ஒயரை மாற்றியது, போனைப் பார்த்தது, வயசாகுது என்றது. திட்டுவாள், நாலு நாள் பேச மாட்டாள், ஸ்கூட்டியைக் கொடுக்க மாட்டாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்காவப் பொய் சொல்லுதிய."

"பொய் இல்லட்டி. சத்தியமாச் சொல்லுதேன். நான்தான் ஒயரை மாத்தி வச்சிருந்தேன்."

"சரி, வாங்க பாப்போம்" என்று மாடிக்கு வந்தாள். முழங்கால் வலியோடு மேஜைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். அவள் சுவிட்சிலிருந்து தண்டவாளம் வரை ஒயர் ஒழுங்காகப் போயிருந்தது. நான் சேர்த்துவைத்த ஒயர். அன்னிக்கே திருப்பிச் சேத்துட்டேன் என்று சொன்னதற்கும் சிரித்தாள்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு? நீங்க அப்படிச் செய்யுற ஆளா? எம்புட்டு வருசமாப் பாக்கேன்" என்றாள்.

தங்கை மகள் வந்து வண்டியை எடுத்துப் போனாள். போகும்போது, ஹெல்மெட்டையும் வைத்துக்கொள் என்று இவள் ஓடிப் போய்க் கொடுத்தாள். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டுமென்றால் என்னிடம் வந்து, உங்களுக்கு எப்போ சௌகரியப்படும் என்று கேட்கிறாள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குக் கூசுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, சாய்ந்த சிக்னல் கம்பத்தைச் சரிசெய்து வைத்துவிட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவளை மாடிக்கு அழைத்து வந்தேன். தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சிவப்புப் போட்டுப் பாரு. கண்டிப்பா நிக்கும்" என்றேன்.

"வேண்டாம், நீங்களே போடுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எவ்வளவோ சொல்லியும் அவள் கை நீளவில்லை. வேறு வழியில்லாமல் நானே எட்டி அவள் சுவிட்சில் சிவப்புப் போட்டுவிட்டு, என் இடத்துக்கு வந்து வண்டியைக் கிளப்பினேன். அது போய்ச் சிக்னலுக்கு முன்னால், அந்த ஒரு முழத்துக்குள், நின்றது.

அவள் வண்டியையும் விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாத்தியளா, நீங்க போட்டா நிக்குது" என்றாள்.