லண்டனிலிருந்து உரும்பிராய்க்கு இருபது மணித்தியாலம்

இன்றைக்கும் சொல்லுவேன், என் கணக்கில் பிழை இல்லை.

அம்மாவின் அப்பா இறந்தபோது எனக்குப் பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சைக்காகத் தூரம், வேகம், நேரம் என்று கணக்குச் செய்து செய்து தலைக்கனம் ஏறியிருந்த காலம். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், என் மாமா, லண்டனில் இருந்தார். "வாறன்" என்று தொலைபேசியில் அழுதார். நான் உடனே அட்லஸை விரித்துத் தையல் நூலால் லண்டனிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அளந்தேன். ஏறக்குறைய எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். விமானத்துக்குப் பதினொரு மணித்தியாலம், பெட்டி எடுக்க ஒன்று, அங்கிருந்து வாகனத்தில் எங்கள் ஊர் உரும்பிராய்க்கு எட்டு. எங்கள் நேரம் இரவு எட்டுக்கு ஏறினால் மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டு வாசல் படலையில் நிற்பார். கொப்பியில் விடையை எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

வெளிநாட்டுப் பிள்ளைக்காகப் பிரேதத்தை இரண்டு மூன்று நாள் வைத்திருப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. ஆனால் செத்தவீட்டை நடத்திய பெரியப்பா, அப்பாவின் அண்ணர், அவ்வளவு பொறுக்கிற ஆள் இல்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எடுப்பது, மருமகனான என் அப்பா கொள்ளி வைப்பது என்று முடிவுகட்டிவிட்டார்.

மறுநாள் பெட்டியைத் தூக்க ஆட்கள் வந்தபோது நான் கொப்பியோடு போய் அதற்கு முன்னால் நின்றேன்.

"மாமா நாலு மணிக்கு வருவார். அதுக்கு முதல் ஒருத்தரும் தூக்கேலாது."

"உவளை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. பொம்பிளைப் பிள்ளைக்கு உதிலை என்ன கதை?" என்றார் பெரியப்பா.

நான் பெட்டியின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அடி விழும் என்று தெரியும், விழட்டும். அவர் என் கையைப் பிடித்து இழுத்தபோது அம்மா எழுந்து வந்தார்.

"பிள்ளையின்ரை கணக்குச் சரி, அத்தான். நாலு மணி வரைக்கும் இந்தப் பெட்டியிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

ஐயர் முணுமுணுத்தார். பறையடிப்பவர்கள் இரண்டாம் தரம் தேத்தண்ணீர் குடித்தார்கள். எனக்கோ கால் நிலத்தில் பாவவில்லை. படலையில் நின்று ஒழுங்கைக்குள் வந்த ஒவ்வொரு வாகனத்தையும் எட்டிப் பார்த்தேன்.

சரியாக நாலு மணிக்கு அம்மாவின் தொலைபேசியில் மாமாவின் முகம் தெரிந்தது. பின்னால் அவருடைய லண்டன் அறை. "பொய்க்காரன்!" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினேன். அம்மா தொலைபேசியைத் தன் தகப்பனின் முகத்தருகே பிடித்தார். பிறகு அப்பா கொள்ளிச் சட்டியோடு சுடலைக்குப் போனார். மூன்று வருடம் நான் மாமாவோடு கதைக்கவில்லை.

மாமாவைப் போல அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வராத ஒருவர் ஊருக்கு விமானம் ஏறினால் திரும்பிப் போக முடியாது என்பது என் அட்லஸில் இல்லை. "வாறன்" என்று அழுத அன்றிரவே மாமா அதை அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். வரமாட்டார் என்று தெரிந்துகொண்டுதான் அம்மா அத்தனை பேரையும் நாலு மணி வரை நிறுத்திவைத்தார். ஏன் என்று வளர்ந்த பிறகு கேட்டேன்.

"அவன் வந்திருந்தா எத்தனை மணிக்கு வந்திருப்பானோ, அதுவரைக்கும் அவன்ரை நேரம். அதை எடுக்க ஆருக்கும் உரிமை இல்லை" என்றார்.