குரங்கு தின்ன தோல் வாஷர்

பம்பு ஓடுற வரைக்கும் ஃபிட்டர்னு ஒருத்தன் இருக்கறதே யாருக்கும் ஞாபகம் வராது. நின்னுச்சுன்னா மட்டும் கக்கூஸ்ல இருந்தாலும் கதவைத் தட்டுவாங்க. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில இருபத்திரண்டு வருஷமா இதுதான் என் பொழப்பு. ஸ்பானர் புடிச்சே கை காய்ச்சுப்போன சகோதரர்களே, உங்ககிட்டதான் இதைச் சொல்ல முடியும். மத்தவங்ககிட்ட சொன்னா குரங்கு வர்ற இடத்துல சிரிச்சுட்டு எழுந்து போயிடறாங்க.

பேனரா, ஸ்பானரா?

எங்க சர்ச் மிஷன் கமிட்டி செயலாளர் எட்வின் அண்ணன் ஒரு நாள் கம்பெனி கேட்டுக்கே வந்து நின்னாரு. கென்யாவுல ஒரு கிராமத்து ஆஸ்பத்திரி, அடி பம்பு ரிப்பேரு, பிரசவத்துக்குக்கூட ஆத்துத் தண்ணி தூக்கினு வர்றாங்க, நீ வந்தே ஆகணும் தேவான்னாரு. அத்திப்பட்டுல தண்ணி லாரி பின்னாடி குடத்தோட ஓடுன குடும்பம் எங்களுது. கேட்டதும் மனசு பொறுக்கல. மேனேஜர்கிட்ட சண்டை போட்டு பத்து நாள் லீவு வாங்கினேன்.

அப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை 'பயிற்சி'. இன்னா பயிற்சி? பாட்டு, கைத்தட்டு, ஒரே கலர்ல டி-ஷர்ட்டு போட்டுப் பாக்கறது. பம்பு பத்தி ஒரு வார்த்தை கிடையாது. கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்டுல லக்கேஜ் எடை ஏறிப்போச்சு. எதைக் குறைக்கணும்? என் டூல்ஸ் பையைத்தான்! ரெஞ்சு, சுத்தி, ஸ்பேர் வாஷர் பாக்கெட்டு எல்லாத்தையும் தூக்கி, வழியனுப்ப வந்த என் பொண்டாட்டி கையில குடுத்துட்டாரு. நான் கத்துன கத்துல செக்யூரிட்டி திரும்பிப் பாத்தான். எட்வின் அண்ணன் அலட்டிக்காம சொன்னாரு: "ஸ்பானர் அங்கயும் கிடைக்கும் தம்பி, நம்ம சபை பேனர் அங்க கிடைக்குமா?"

நாலு கோட்டிங்

ஆஸ்பத்திரின்னா ரெண்டு ரூமு, ஒரு வேப்பமரம், அவ்ளோதான். பொறுப்பு நர்ஸ் பேரு அக்னெஸ். அம்பது வயசு இருக்கும். சிரிக்க நேரமில்லாத அம்மா. அந்தம்மா பேசுன இங்கிலீஷை நம்ம பாஷையில சொல்றேன், பொறுத்துக்கோங்க.

பம்பு நம்ம தெருவுல நிக்கற அதே மாடல்தான். பளபளன்னு நீல பெயிண்ட். நகத்தால சுரண்டுனா கீழ பச்சை. அதுக்குக் கீழ மஞ்சள். அதுக்கும் கீழ சிவப்பு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு டீமு வந்து, அடிச்சு, பேரு எழுதிட்டுப் போயிருக்கு. பக்கத்து மெக்கானிக்கிட்ட ரெஞ்சு கடன் வாங்கி உள்ள இருக்கற ராடை உருவிப் பாத்தா, நுனியில தோல் வாஷர் ரெண்டும் நைஞ்சு நூலாத் தொங்குது. அந்த வாஷர் பைப்புக்குள்ள இறுக்கமா உக்காந்தாதான் தண்ணி மேல ஏறும். உள்ளங்கையில அடங்கற சாமான்! நாலு டீமு, நாலு கலரு, ஒருத்தனுக்குக்கூட திறந்து பாக்கணும்னு தோணல. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த நாலு டீமையும் காறித் துப்பியிருப்பேன். அக்னெஸ் அம்மா பக்கத்துல வந்து நின்னு சொன்னாங்க: "பெயிண்ட் அடிக்க வருஷா வருஷம் யாராவது வந்துடறாங்க, உள்ள பாத்தது நீதான்."

ரிப்பன்

என் சட்டைப் பையில நல்லவேளையா ரெண்டு புது வாஷர் இருந்துச்சு. புதுத் தோலு கட்டை மாதிரி விறைச்சுக்கினு நிக்கும். எண்ணெயில ரெண்டு நாள் ஊறினாதான் இளகும். பேட்டையில நாங்க சாப்பாட்டு டப்பாவுலதான் ஊறப்போடுவோம், சிந்தாது, தொலையாது. ஊட்டுல கட்டிக் குடுத்த புளிச்சோறு முடிஞ்ச டப்பாவை அப்படியே துடைச்சு, நல்லெண்ணெய் ஊத்தி ரெண்டையும் உள்ள போட்டேன். ஒரு நாள் ஊறுனதும், இன்னும் ஒரு நாள் பொறுங்க, மாட்டிடறேன்னு எட்வின் அண்ணன்கிட்ட சொன்னேன்.

பொறுப்பாரா? திறப்பு விழாவுக்கு ஊருப் பெரியவர் ஒருத்தர் அன்னிக்குத்தான் வர முடியுமாம். பேனர் கட்டி, ரிப்பன் கட்டி, பாட்டு பாடி, வெட்டியாச்சு. வறண்ட பம்புல எப்படித் தண்ணி? மேல் மூடியைத் திறந்து ரெண்டு கேன் தண்ணியை ஊத்தச் சொன்னாரு எட்வின் அண்ணன். பெரியவர் கைப்பிடியை அமுக்குனாரு, ஊத்துன தண்ணி குழாய் வழியா வந்துச்சு, எல்லாரும் அல்லேலூயா. நான் தலையில கை வெச்சுக்கினு உக்காந்துட்டேன். கூட்டம் கலைஞ்சதும் நிறைமாசமா இருக்கற ஒரு பொண்ணு மஞ்சள் கேனோட வந்து அமுக்குது, அமுக்குது, அமுக்கிக்கினே இருக்குது. ஒரு சொட்டு வரல. அக்னெஸ் அம்மா அந்தப் பொண்ணு கையிலேர்ந்து கேனை வாங்கிக்கினு என்னைப் பாத்துக் கேட்டாங்க: "போட்டோவுல தண்ணி வந்துடுச்சு, எங்களுக்கு எப்ப வரும்?"

டப்பா

மறுநாள் வாஷர் பதமா இளகியிருந்துச்சு. மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அன்னிக்குப் பாத்து சஃபாரி! நான் வரல, வேலை இருக்குன்னு சொன்னேன். எல்லாரும் ஒண்ணாத்தான் போகணும், தனியா உட்டா ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றதுன்னு எட்வின் அண்ணன் கையைப் புடிச்சு வேன்ல ஏத்திட்டாரு. ரூம்ல எறும்பு எண்ணெய்க்கு மொய்க்குதுன்னு டப்பாவை மடியிலயே வெச்சுக்கினேன். அதான் நான் செஞ்ச முட்டாள்தனம்.

யானை பாத்தோம், சிங்கத்தோட வாலு பாத்தோம். சாப்பிட இறங்குற இடத்துல மரத்தடியில உக்காந்தேன். பின்னாலேர்ந்து ஒரு கை வந்துச்சு. திரும்பறதுக்குள்ள டப்பா போச்சு. பபூன் குரங்கு, நாய் மூஞ்சி, ஆட்டுக்கடா சைஸு. எங்க வாட்ச்மேனுக்கே திறக்க வராத கிளிப்பை ஒரே இழுப்புல திறந்துச்சு. புளிச்சோத்து வாசனை. எண்ணெயை ஒரு வழி நக்கிட்டு, ஒரு வாஷரை எடுத்து வாயில போட்டு, கண்ணை மூடிக்கினு வெத்தலை மாதிரி மெல்லுது! "டேய் பேமானி! அது லெதர்டா! துன்னாதடா! ஆஸ்பத்திரி சாமான்டா அது!"ன்னு கத்திக்கினே ஓடுனேன். அது பல்லைக் காட்டுச்சு பாருங்க, ஒவ்வொரு பல்லும் என் விரல் நீளம். அப்படியே நாலு அடி பின்னாடி வந்துட்டேன். ரெண்டாவது வாஷரையும் கடிச்சுப் பாத்து, புடிக்கலன்னு ரெண்டாக் கிழிச்சுப் போட்டுட்டு மரம் ஏறிடுச்சு.

எனக்கு அழுகை வந்துடுச்சு. வெக்கப்படாம சொல்றேன், அழுதேன். எட்வின் அண்ணன் போன்ல வீடியோ எடுத்துக்கினு விழுந்து விழுந்து சிரிக்கறாரு. என் காலரைப் புடிச்சு இழுத்துக்கினு வந்த டிரைவர் ஜோசப்பு சொன்னாரு: "இருபது வருஷமா வண்டி ஓட்டுறேன், பபூன்கிட்ட போயி ஸ்பேர் பார்ட்ஸைத் திருப்பிக் கேட்ட ஆளு நீதான்."

தோல் பை

திரும்பி வர்றப்ப ஆத்து மேட்டுல வேன் நின்னுச்சு. மஞ்சள் கேன் வரிசை. அந்த நிறைமாசப் பொண்ணும் அதுல இருந்துச்சு, ஒரு கேனைத் தலையில வெச்சு இன்னொண்ணை இடுப்புல வெச்சுக்கினு. மறுநாள் சாயங்காலம் எங்களுக்கு ஃபிளைட்டு.

ரூமுக்கு வந்ததும் நான் வெடிச்சுட்டேன். "அண்ணே, பேனரை வெட்டி வாஷர் போட முடியாது, பாட்டைக் காய்ச்சி ஊத்த முடியாது! ஒரு நல்ல தோலு குடுங்க, உள்ளங்கை அகலம் இருந்தா போதும்!" எட்வின் அண்ணன் எதிர்த்துக் கத்துவாருன்னு பாத்தேன். மெதுவா எழுந்து போயி, பாஸ்போர்ட்டு, நோட்டுப் புஸ்தகம் எல்லாத்தையும் கட்டில்ல கொட்டிட்டு, பெரியமேட்டுல வாங்குன தோல் பையை என் கையில குடுத்தாரு. குடுத்துட்டு சொன்னாரு: "பின்பக்கமா வெட்டு தம்பி, முன்னாடி என் பேரு போட்டிருக்கு."

ஹாரன்

வட்டமா வெட்டி, வெந்நீர்ல ஊறவெச்சு, பைப்புத் துண்டுக்குள்ள அமுக்கிக் கிண்ணம் மாதிரி வளைச்சு, வெயில்ல காயவெச்சு மாட்டுறதுக்குள்ள மறுநாள் மதியம் ஆயிடுச்சு. பத்து அடி அடிச்சேன், காத்து. இருபது அடிச்சேன், சேறு. அப்புறம் செவப்பா வந்துச்சு, அப்புறம் தெளிஞ்சு ஊத்துச்சு. ஊரே ஓடி வந்துச்சு. எங்காளுங்க போனெல்லாம் பையில கட்டியாச்சு, ஒருத்தனும் போட்டோ எடுக்கல. எனக்கு அதுல ஒரு சந்தோஷம்.

வேன்ல ஹாரன் அடிக்கறாங்க. நான் கையைத் துடைச்சுக்கினு கிளம்புனேன். அக்னெஸ் அம்மா என் சட்டையைப் புடிச்சு நிறுத்துனாங்க. மிச்சத் தோலையும் கத்தியையும் நீட்டுனாங்க. ஹாரன் அடிக்க அடிக்க, வெட்டுறதும் வளைக்கறதும் ராடை உருவுறதும் ஒண்ணொண்ணாக் காட்டுனேன். அந்தம்மா கையால ஒண்ணு வெட்டிக் காட்டுனப்புறம்தான் உட்டாங்க. "நன்றி அப்புறம் சொல்றேன், முதல்ல இது எத்தனை மாசம் தாங்கும்னு சொல்லு."

மெசேஜ்

சர்ச்சுல படம் போட்டுக் காட்டுனாங்க. ரிப்பன் வந்துச்சு, யானை வந்துச்சு, நான் குரங்கு பின்னாடி ஓடுறது ரெண்டு தடவை வந்துச்சு. நெசத் தண்ணி மட்டும் வரல.

எட்டு மாசம் கழிச்சு அக்னெஸ் அம்மாகிட்டேர்ந்து வாட்ஸ்அப்புல ஒரு படம் வந்துச்சு, உள்ளங்கையில ஒரு தோல் வாஷர். கீழ எழுதியிருந்தாங்க: பழசு தேஞ்சுடுச்சு, பழைய பூட்ஸ்ல வெட்டி நானே மாத்திட்டேன், இனிமே யாரும் வர வேண்டாம். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஓடிப்போயி எட்வின் அண்ணன்கிட்ட காட்டுனேன். படிச்சவரு முகம் சுருங்கிப் போச்சு. சுத்திமுத்தி பாத்துட்டு போனைத் திருப்பிக் குடுத்தாரு: "இதை யாருக்கும் காட்டாத தம்பி, அடுத்த வருஷம் போறதுக்கு ஆளுங்க பேரு குடுத்துட்டாங்க."

இனிமே வராதீங்கன்னு ஒரு ஊரு சொல்ற அளவுக்கு வேலையை முடிச்சுட்டு வர்றதுதான் ஊழியம்னு நான் நெனச்சுக்கினு இருக்கேன், அது பெரிய அவமானம்னு எங்க கமிட்டி நெனச்சுக்கினு இருக்குது.