கடலில்லாத ஊரில் ஒரு வால்வு ஆம்ப்

போன மாதம் ஒரு சாயங்காலம் கீழ் வீட்டு சரோஜம்மா மாடிப்படி ஏறி வந்தார். எங்கள் ஹவுஸ் ஓனர். முழங்கால் வலிக்காரர் என்பதால் சாதாரணமாக மேலே ஏற மாட்டார் — கீழே நின்று குரல் கொடுப்பதுதான் வழக்கம். அவரே ஏறி வருகிறார் என்றால் விஷயம் பெரிசு.

"யாக்கே செலின், ஏன், சார் ஊர்ல இல்லியா?" கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"இருக்காரே. ஏன்ம்மா?"

"ரெண்டு வாரமா மேல சத்தமே காணோம். ஒரு மாதிரி பேஜாரா இருக்கு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வருடக்கணக்காகக் கீழேயிருந்து கத்தியவர் இவர். அது நின்றுபோனதை விசாரிக்கவும் இவரே வர வேண்டியிருக்கிறது…

சத்தம் என்றால் என் கணவர் சேவியரின் கிடார். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையை மாற்றுவதற்கு முன்பே கிடாரை எடுத்துவிடுவார். காபி அதற்கு அப்புறம்தான்.

அவருக்குப் பிடித்தது சர்ஃப் மியூசிக். அறுபதுகளில் அமெரிக்கக் கடற்கரைப் பையன்கள் வாசித்தது. பெரும்பாலும் பாட்டே கிடையாது, கிடார்தான். ஒவ்வொரு சுரமும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஈரமாக இருக்க வேண்டுமாம். அதே சமயம் பளிச்சென்றும் இருக்க வேண்டுமாம். மெட்ராஸ்காரர் ஒருவர் இதற்கு ஆசைப்பட்டால் அதில் ஒரு நியாயம் உண்டு. எங்கள் ஜோகுபாளையத்தில் உட்கார்ந்துகொண்டு? எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய தண்ணீர் அல்சூர் ஏரி. அதில் அலை அடித்து நான் பார்த்ததில்லை.

சில வருடங்களாக அவருக்கு ஒரே புகார். "சவுண்டு மந்தமா இருக்கு செலின். பளிச்னு வரல."

கம்பிகளை மாற்றினார். கேபிளை மாற்றினார். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்து ஸ்பீக்கரை மாற்றினார். கிடாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்அப்பையும் மாற்றினார். மந்தம் போகவில்லை. கடைசியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து தீர்ப்பு சொன்னார்: குற்றவாளி ஆம்ப்ளிஃபயர்தான். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அந்த டோன் வராது. அந்தக் காலத்து ரேடியோ மாதிரி வால்வு போட்ட ஆம்ப் வேண்டும்.

ரெடிமேடாக வாங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கிட் கிடைக்கிறது. பாகங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வரும், நாமே சால்டர் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். சரி, எந்தக் கிட்?

அங்கேதான் பிடித்தது சனி. மாதக்கணக்கில் பிரிண்ட் அவுட்டுகள்… எங்கோ அமெரிக்காவில் ஒருவர் 'இந்த ஆம்ப்பின் சத்தம் கதகதப்பாக இருக்கிறது' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'இல்லை, இதில் மரவாசனை அடிக்கிறது' என்பார். சத்தத்துக்கு வாசனை உண்டா? அதையெல்லாம் அடிக்கோடிட்டுப் படித்தார் மனிதர். கல்யாணத்துக்கு முன் என்னைப் பற்றி இவ்வளவு விசாரித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

வடிகட்டி வடிகட்டி இரண்டில் வந்து நின்றது. ஒன்று சின்னது. ஒரே ஒரு பவர் வால்வு, சுலபமாகக் கட்டிவிடலாம். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கும். இன்னொன்று பெரியது. குண்டு குண்டாக இரண்டு பவர் வால்வு, தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபார்மர், எவ்வளவு கூட்டினாலும் கரகரக்காத சத்தம். கூடவே ரிவெர்புக்கு, அதாவது எதிரொலிக்கு, தனிப் பெட்டி — உள்ளே நீளமான ஸ்பிரிங்குகள். கிடாரின் சத்தம் அந்த ஸ்பிரிங்குகளில் ஓடித் திரும்பி வரும். சேவியர் சொல்லும் அந்த ஈரம் அதில்தான் இருக்கிறது.

எங்கள் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் டேனியல், இரண்டு கிட்டையும் கட்டி வைத்திருக்கும் ஆள். "படிச்சு என்னண்ணா தெரியும்? வந்து கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் பொம்மனஹள்ளிக்கு பஸ் ஏறினோம்.

நாங்கள் போனபோது டேனியல் பெரிய ஆம்ப்பின் முதுகைத் திறந்து எதையோ சோதித்துக்கொண்டிருந்தான். வலது கை மட்டும் உள்ளே. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

"என்னடா, ஹெட்மாஸ்டர் முன்னால நிக்கிற மாதிரி நிக்கிற?"

"உள்ள நானூறு வோல்ட் இருக்குக்கா. ரெண்டு கையும் விட்டா கரண்ட் நெஞ்சு வழியா போயிடும். அதான் எப்பவும் ஒத்த கை."

அப்போதே எனக்கு இந்தக் கிட் விவகாரம் பாதி கசந்துவிட்டது.

டேனியலுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஆம்ப்பைத் தேர்ந்தெடுப்பவர் அதைப் பார்க்கக் கூடாது. சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். "பாத்துக்கிட்டே கேட்டா கண்ணுதான் கேக்கும், காது கேக்காது" என்பான். சேவியர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். டேனியல் வாசித்தான். சின்னது, பெரியது, மறுபடி சின்னது.

"ரெண்டுமே மந்தம்தான்" என்றார் சேவியர்.

டேனியல் பெரிய ஆம்ப்பில் ஒரு குட்டி ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டு அதே மெட்டை வாசித்தான். பளிச்சென்ற சத்தத்துக்கென்றே இருக்கிற ஸ்விட்ச். எனக்குப் பல் கூசியது. ஸ்லேட்டில் நகத்தால் கீறியது மாதிரி.

"இப்பண்ணா?"

"என்ன இப்ப?"

டேனியல் ஸ்விட்ச்சை அணைத்தான். போட்டான். மறுபடி அணைத்தான், போட்டான், ஒவ்வொரு தடவையும் வாசித்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"மாத்துடா, ஏன் சும்மா அதையே வாசிக்கிற" என்று திரும்பினார் சேவியர். டேனியலின் விரல் அந்த ஸ்விட்ச் மேலேயே இருந்தது.

"போட்டியா?"

"போட்டேண்ணா."

"எத்தன தடவ?"

டேனியல் தரையைப் பார்த்தான். சேவியருக்குப் புரிந்துவிட்டது. அந்த வாரமே டாக்டரிடம் போய்க் காதைக் காட்டினோம்.

காது டாக்டர் ஒரு கிராஃப் எடுத்துக் காட்டினார். கீழ் சுரங்களில் நேராகப் போன கோடு, மேல் சுரங்களுக்கு வந்ததும் படி இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. மெஷின் சத்தம் தின்ற காது. போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

கம்பெனியில் காதடைப்பான் கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள், மேஜை டிராயரில் கிடந்தது. ஏன்? லேத்தில் டூல் மழுங்கினால் சத்தம் லேசாக மாறும். அந்த மாற்றத்தை மற்றவர்களுக்கு முன்னால் கண்டுபிடிப்பவர் சேவியர். 'சேவியர் காது' என்று ஷாப்பில் பெயரே உண்டாம். "காத மூடிட்டா மிஷின் என்ன சொல்லுதுன்னு எப்படி தெரியும்?" என்று என்னிடமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். நல்ல காது என்று பெருமைப்பட்டதால்தான் அந்தக் காது போயிற்று. இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

"அப்ப நான் கிச்சன்லேர்ந்து கூப்பிட்டதெல்லாம் இவருக்கு நெஜமாவே கேக்கலையா டாக்டர்?"

"சிலது கேட்டிருக்காது."

அந்த 'சிலது' எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறோம். கம்பி சரியில்லை, கேபிள் சரியில்லை, ஸ்பீக்கர் சரியில்லை… நம்மைச் சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் நம் பக்கம் திரும்புகிறோம். பேப்பர்காரர்கள் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று நானும் ரொம்ப நாள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் கண்ணாடி போட்டேன். பேப்பர்காரர்கள் திருந்திவிட்டார்கள்.

சேவியர் கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். டேனியலிடம் போனில் கிட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "காது கேக்காதவன் எதுக்குடா ஆம்ப் கட்டணும்?"

பஸ்ஸில் வருவார். சட்டையை மாற்றுவார். காபி குடிப்பார். டிவிக்கு முன்னால் உட்காருவார். அதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருந்தது. காது போனதற்காகப் பயப்படவில்லை. இந்த மனிதர் இனிமேல் இப்படியே உட்கார்ந்திருப்பாரோ என்றுதான் பயம்.

அந்த நேரத்தில்தான் சரோஜம்மா படியேறி வந்தார்.

அடுத்த ஞாயிறு, சேவியரிடம் சொல்லாமல் நான் மட்டும் பொம்மனஹள்ளி போனேன். அதே ஸ்டூல். அதே சுவர். எனக்கும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காரத் தெரியும்.

"வாசிடா."

"நீங்களா செலக்ட் பண்ணப் போறீங்க?" டேனியலுக்கு நம்பிக்கையில்லை.

"எனக்கு டோன் கீன் ஒண்ணும் தெரியாது. அவருக்கு எது கேக்கும்? அத மட்டும் சொல்லு."

அவன் யோசித்தான். பிறகு தடித்த கம்பிகளில் மட்டும் ஒரு மெட்டை வாசித்தான். சர்ஃப் மெட்டுகளில் நிறைய இப்படிக் கீழ்க் கம்பிகளிலேயே ஓடும் என்றான். டாக்டரின் கிராஃபில் சேவியரின் கோடு அங்கே நேராகத்தானே போகிறது? சின்ன ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டியதும் சுரங்கள் கரகரத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெரியதில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது. ஸ்பிரிங் பெட்டியைக் காலால் லேசாக இடித்துக் காட்டினான். இடி இடித்த மாதிரி ஒரு சத்தம். இது யாருக்கும் கேட்கும்.

"பெரிசு" என்றேன்.

பிரவுசிங் சென்டருக்குப் போய் ஆர்டர் கொடுத்தோம். கிட் வருகிற வரைக்கும் தன் பெரிய ஆம்ப்பையே ஆட்டோவில் ஏற்றி அனுப்புவதாகச் சொன்னான் டேனியல்.

வீட்டுக்கு வந்து, டிவியை அணைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தேன். இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன்.

"பெரிய கிட் ஆர்டர் பண்ணிட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? பளிச்னு இருக்கா இல்லியானே எனக்குத் தெரியாது. எனக்குக் கேக்கற வரைக்கும் ஏத்தினேன்னா மத்தவங்க காது கிழிஞ்சிடும்."

"பளிச்னு வர்ற அந்த ட்ரெபிள நான் பாத்துக்கறேன். மீதிய நீங்க பாருங்க."

அவர் அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். இதுவும் வேலைக்காகாது போலிருக்கிறது என்று நான் எழுந்தபோது கேட்டார்:

"டிரான்ஸ்ஃபார்மர் நம்ம ஊர் வோல்டேஜுக்குத்தான சொன்ன? அமெரிக்கால நூத்திப்பத்து."

எனக்குப் போன உயிர் வந்தது.

போன ஞாயிறு மத்தியானம் டேனியலின் ஆம்ப் எங்கள் ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. சேவியர் தடித்த கம்பிகளில் வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பிரிங் பெட்டியை இடித்துப் பார்த்து, அந்தச் சத்தம் கேட்டதும் குழந்தை மாதிரி சிரித்தார். பிறகு பழைய ஞாபகத்தில் கை ட்ரெபிள் குமிழுக்குப் போனது. திருப்பிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். குறைங்க என்று நான் தலையை ஆட்டினேன். குறைத்தார். மறுபடி பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் குறைத்தார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி இவர் குறைத்துக்கொண்டது இது ஒன்றுதான்.