பக்கத்து சீட்டில் யாரும் இல்லை

இதை நம்புங்கள் என்று உங்களிடம் கெஞ்சப் போவதில்லை. கெஞ்சுவதற்கு எனக்குள் இருந்த தெம்பை எல்லாம் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கெனவே உறிஞ்சிவிட்டது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எடை பார்ப்பது என் பிழைப்பு. கூட்டிக் குறைத்துச் சொன்னால் எனக்கே கூசும்.

கடைகளில் இருக்கும் மின் தராசுகளைப் பழுது பார்ப்பவன் நான். டிக்கியில் எடைக்கல் பெட்டி, பின் சீட்டில் கருவிப் பை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவேன். கார் இல்லையென்றால் எனக்கு வேலை இல்லை. எடைக்கற்களைத் தூக்கிக்கொண்டு பேருந்து பேருந்தாக ஏறி இறங்க முடியுமா? அந்தக் காருக்கு இன்னும் தவணையும் முடியவில்லை. என் மனைவி அதை "உங்க மூத்த சம்சாரம்" என்பாள்.

அன்று மாலை நல்ல மழை. முன் கண்ணாடி மங்கிப்போய் ஒன்றும் தெரியவில்லை. ஆளில்லாத ஒரு பேருந்து நிழற்குடை அருகே நிறுத்தி, இறங்கித் துணியால் துடைத்தேன். மறுபடி ஏறிக் கிளம்பினேன். கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டேன்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் பெல்ட் போடவில்லை என்று கார் கத்துகிற சத்தம். அந்த சீட்டில் கனமான பையை வைத்தாலும் கத்தும். ஆனால் பை பின்னால் இருந்தது. சீட் காலி. கையால் தடவிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சாரல் அடித்திருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடி ஏற்றியே இருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

நாள் முழுக்க வண்டியில் கிடக்கிறவர்கள் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்தேன். காலி சீட்டுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது. ஒன்றே ஒன்று... காலி சீட்டில் பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்தாலே எட்டிவிடும். அன்று நிறைய இழுக்க வேண்டியிருந்தது.

அடுத்த வளைவில் கார் வழுக்கியது. இடது பக்கம் அப்படியே போய் ஒரு மரத்தில் மோதியது.

எனக்கு நெற்றியில் தையல். கார் சுக்குநூறு. "பக்கத்துல யாரும் இல்லாதது உன் அதிர்ஷ்டம்" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பக்கக் கதவு சீட் வரைக்கும் உள்ளே வந்திருந்தது.

சேதத்தை மதிப்பிட கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். இன்ஜினை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. பக்கத்து சீட்டின் பெல்ட்டை விரலில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"பக்கத்துல யாரு சார் இருந்தாங்க?"

"யாரும் இல்லை."

"பெல்ட் மாட்டியிருக்கே?"

சத்தம் வந்தது, மாட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தார்.

"காலி சீட்ல மாட்டுன பெல்ட் அப்படியே இருக்கும் சார். இது இழுபட்டிருக்கு பாருங்க. மோதுறப்போ ஒரு ஆளோட கனத்தைத் தாங்கியிருக்கு."

பார்த்தேன். மார்பு படுகிற இடத்தில் பட்டை தேய்ந்து, நூல் நூலாகப் பிரிந்திருந்தது. கனத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது சரிதான்.

சொந்த உபயோகத்துக்கான காரில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றியிருக்கிறேன், அதை மறைக்கிறேன் என்று கம்பெனி முடிவு கட்டிவிட்டது. காருக்கு உரிய தொகையில் பாதிதான் தருவார்களாம். அது தவணைப் பாக்கிக்கே காணாது. புதுக் காரைக் கனவில்தான் ஓட்ட வேண்டும்.

விடவில்லை. முறையிட்டேன். ஆள் இருந்தது என்றால் சாட்சி கொண்டுவரலாம். ஆள் இல்லை என்பதற்கு யாரைக் கொண்டுவருவது? அன்று என்னோடு வேறு யாரும் அடிபட்டு வரவில்லை என்று மருத்துவமனையில் எழுதி வாங்கிப் போனேன். "வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே சார்" என்றார்கள். போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு முறையும் புது ஆள் எடுப்பார். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லைங்க... சத்தியமா யாரும் இல்லைங்க...

"ஒருத்தி இருந்திருந்தா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள் மனைவி. பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள். மீதிப் பாதி என்னவென்று நான் கேட்கவில்லை.

கடைசியில் கம்பெனியில் என் விஷயத்தைப் பார்க்கும் அதிகாரி அம்மா ஒரு வழி சொன்னார். சீட்டையும் பெல்ட் மாட்டும் கொக்கியையும் நீங்களே படம் எடுத்து அனுப்புங்கள், மறுபடி பரிசீலிக்கிறோம் என்றார். கார் அப்போது உடைந்த வண்டிகளைப் போட்டுவைக்கும் யார்டில் கிடந்தது. அங்கே காவலுக்கு இருப்பவரை எல்லோரும் 'நட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பையில் எப்போதும் நாலைந்து நட்டுகள் குலுங்கும்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"அந்த வண்டியா?" என்றார் நட்டு. "சீக்கிரம் முடிச்சுக்குங்க சார். பசங்க அந்த வண்டிப் பக்கம் போக மாட்டேங்கறானுங்க."

"ஏன்?"

"என்னத்தச் சொல்ல. பேட்டரியைக் கழட்டி ரெண்டு வாரம் ஆச்சு..."

எனக்கு வேண்டியது படம்.

ஓட்டுநர் பக்கமாக உள்ளே தலையை நீட்டினேன். பெல்ட் இன்னும் மாட்டியபடியே இருந்தது. சீட் நடுவில் குழிந்திருந்தது. பெல்ட்டைக் கழற்றினால் சீட் நன்றாகத் தெரியும், காலி சீட் என்று படத்தைப் பார்க்கிறவர்களுக்கே புரியும் என்று தோன்றியது. அந்த நேரத்துப் புத்தி அப்படி.

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

க்ளிக்.

டிங்... டிங்... டிங்...

பேட்டரி இல்லாத வண்டி. ஒயர்கள் அறுந்து தொங்குகின்றன. எங்கிருந்து சத்தம்?

டிங்... டிங்...

குழிந்திருந்த சீட் மெதுவாக மேலே எழும்பியது. உட்கார்ந்திருந்தவர் எழுந்தால் எழும்புமே... அப்படி.

வண்டி இடது பக்கம் லேசாக ஏறியது. கிரீச் என்றது.

ஐம்பது கிலோ இருக்கும். என்னை அறியாமல் மனசு கணக்குப் போட்டது.

சத்தம் நின்றது.

நட்டு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. யார்டின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிடுங்க சார்" என்றார். "இனி வராதீங்க."

வந்து மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. படமும் எடுக்கவில்லை. காய்ச்சல் வந்தவன் மாதிரி போர்த்திக்கொண்டு படுத்தேன்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. நேரில் வரச் சொன்னார்கள். பிற்பகலில் போனேன். அதிகாரி அம்மா முகமெல்லாம் சிரிப்பாக உட்காரச் சொன்னார்.

"முன்னாடியே உண்மையைச் சொல்லியிருந்தா இவ்வளவு அலைச்சல் தேவையா சார்?"

"எந்த உண்மை மேடம்?"

"உங்க கூட கார்ல வந்தவங்க நேர்லயே வந்துட்டாங்க. காசு குடுத்து ஏறலை, நான் அவன் அக்கான்னு சொல்லிட்டாங்க. பாவம், தோள்ல இன்னும் கட்டுப் போட்டிருக்காங்க. விலாசமும் உங்க வீட்டு விலாசம்தான் குடுத்தாங்க. அப்புறம் என்ன? முழுத் தொகையும் வந்துடும். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

எனக்கு அக்கா கிடையாது. நான் ஒற்றைப் பிள்ளை.

அந்த நிமிஷம் என் மனசு என்ன நினைத்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். கார் வந்துவிடும் என்று நினைத்தது. தவணை அடைந்துவிடும் என்று நினைத்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

"எப்ப... வந்தாங்க?"

"நேத்து மத்தியானம். உங்க பாப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. யூனிஃபார்ம்ல இருந்தா. அப்படியே உங்க ஜாடை சார்."

நேற்று மத்தியானம் என் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

அங்கேயே, அந்த மேஜை முன்னாலேயே, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். அவள் டீச்சர் எடுத்தார்.

"ஆமா சார். நேத்து அவ அத்தை வந்து கூட்டிட்டுப் போயிட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டாங்களே. பாப்பாவே 'எங்க அத்தை'ன்னா, அதான் விட்டேன். இன்னிக்கும் வந்து கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்க. அனுப்பட்டுமா?"

"வேண்டாம்! அனுப்பாதீங்க!"

"ஏன் சார்? உங்க அக்கா இல்லையா?"

அதிகாரி அம்மா தலையை நிமிர்த்தினார். சிரிப்பு போயிருந்தது.

பேனா என் கையில். காகிதம் என் முன்னால்.

"இல்லை டீச்சர். எனக்கு அக்கா இல்லை. அவங்க எனக்கு யாருமே இல்லை."

அதிகாரி அம்மா காகிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பொய்யா ஆள் அனுப்பிச்சீங்கன்னு எழுதுவாங்க சார். இனி அந்தப் பாதியும் வருமான்னு தெரியலை."

நான் அதற்குள் படியில் ஓடிக்கொண்டிருந்தேன். கார் இல்லை. பேருந்து நகரவே மாட்டேன் என்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஆள் ஏறியது, இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்?

கேட்டுக்கு வெளியே யாரும் இல்லை.

மகள் அலுவலக அறையில், பை மடியில், டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளிவிட்டாள். கோபமாக இருந்தாள்.

"அத்தை... எங்க பாப்பா?"

"போயிட்டாங்க. அழுதுக்கிட்டே போனாங்க. நான் ஜன்னல் வழியா பேசினேன்."

"ஏன் அழுதாங்க?"

"நீதான் அவங்களை யாருமே இல்லைன்னு சொல்லிட்டியாம். எல்லார்கிட்டயும் சொன்னியாம். இப்ப போன்லயும் சொன்னியாம்."

டீச்சரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. போனில் நான் சொன்னது அவர் காதுக்கு மட்டும்தான். பள்ளிக்கூடக் கேட்டோ மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது.

"நான் யார்கிட்டயும் சொல்லலை சார்" என்றார் டீச்சர், நான் கேட்காமலே.

மகளின் பையை வாங்கிக்கொண்டேன். கையைப் பிடித்தேன். வாசலைத் தாண்டும்போது சொன்னாள்.

"இனிமே ஸ்கூலுக்கு வர மாட்டாங்களாம்ப்பா."

"சரி பாப்பா."

"வீட்டுக்கே வந்துடுறாங்களாம்."