மூன்றாம் பொத்தானில் தம்பி

எல்ட்யோவின் கம்பியில்லாத் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஓர் உறவினர் வருவார். இரண்டு, அக்கா டெர்க்யே. நான்கு, பெரியப்பா மகன் ட்யார்ட். ஐந்து, விவாகரத்தான மனைவி அன்யே. மூன்று, தம்பி வுப்போ.

தம்பியோடு பேச்சு நின்று பதினொரு வருடம். அப்பாவின் பனிச்சறுக்குக் காலணி யாருக்கு என்று சண்டை. அதன் பிறகு எங்கள் கால்வாய் ஆள் தாங்குமளவு உறையவே இல்லை என்பது வேறு விஷயம்.

தொலைபேசி வாங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆக, வுப்போவின் பெயரைக் கோபத்தோடேதான் பதிந்திருக்கிறார். அந்தப் பெயரில் ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும். முதலாவதை அடித்துவிட்டு, அதே பொத்தானைத் திரும்ப அழுத்தக் கருவி தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். கோபக்காரருக்கு ஏது அவ்வளவு பொறுமை என்றால், "வரிசையில ஓட்டை விழக்கூடாதுல்ல" என்பார். கால்வாய்ப் பாலத்தில் வேலை; முப்பத்தோரு வருடம் படகு வரும்போதெல்லாம் பொத்தான் அழுத்திப் பாலம் தூக்கி, மற்றவர்களைப் போகவிட்டவர்.

எங்கள் நாட்டு வழக்கப்படி ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவருடைய சொந்தக்காரர்களையும் வாழ்த்த வேண்டும். எல்ட்யோவுக்கு இது வசதி. ஒவ்வொரு மார்ச் பதினாறும் கழிப்பறைக் கதவில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் வுப்போவின் பெயரைப் பார்த்துவிட்டு, வுப்போவைத் தவிர எல்லோரையும் காலையிலேயே அழைத்து வாழ்த்துவார். யாராவது ஒருவர், "அவனும் உன்னைக் கேட்டான்" என்று சொல்லமாட்டாரா என்ற ஏக்கம். இதுவரை வானிலையைத்தான் சொன்னார்கள்.

இந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை. தயங்கித் தயங்கி மதியம் மூன்றாகிவிட்டது. இரண்டை அழுத்தினார், மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான்கிலும் அப்படியே. ஐந்திலும். அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் வுப்போ வீட்டில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, கேக் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னாள் மனைவி உட்பட. கைபேசி எண் எதையும் அவர் சேமித்ததில்லை. தெருவில் நடப்பவரைக் கூப்பிடுவது அநாகரிகம் என்பது அவர் கட்சி.

மூன்றின்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். காப்பி ஊற்றிக்கொண்டார். மறுபடி வைத்து அழுத்தினார்.

"எல்ட்யோ! என்னடா அதிசயம்?" டெர்க்யேவின் குரல்.

"நான் இன்னும் வாயே திறக்கலையே. எப்படித் தெரிஞ்சுது?"

"வுப்போவோட ஃபோன் திரையில உன் பேரு வருதுடா, மக்கு."

அவருக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

"வாழ்த்துகள், அக்கா. தம்பிக்குப் பொறந்தநாளாமே."

"ஆமா, ஊர்ல பேசிக்கிறாங்க. இங்கதான் கேக் வெட்டிட்டிருக்கான். குடுக்கட்டுமா?"

"வேணாம், வேணாம். உனக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எனக்குச் சொல்ல அவன் வீட்டுக்கா ஃபோன் பண்றே?"

பின்னால் தட்டுகளின் சத்தம். "யாருக்கா அது?" வுப்போ.

"உன் அண்ணன்."

தட்டுச் சத்தம் நின்றது. பிறகு, "நன்றின்னு சொல்லு."

"நன்றியாம்" என்றாள் டெர்க்யே.

"கேட்டுச்சு."

வைத்த பிறகு குளிர்பெட்டி மட்டும் முனகியது. பதினொரு வருடத்துக்கு ஒரு வார்த்தை, அதுவும் அக்கா வழியாக. காப்பி ஆறிப்போயிருந்தது.

எல்ட்யோவின் பிறந்தநாள் மே பதினொன்று. தன் பெயரைத் தன் நாட்காட்டியில் யாரும் எழுதுவதில்லை. அவர் போய்ப் பார்த்தபோது அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. திரும்பி வந்து தொலைபேசியின் மணியை இருப்பதிலேயே உரத்த அளவுக்கு ஏற்றி, தாங்கியில் நேராக நிறுத்தினார்.

இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.