மூன்றாவது சீட்டு

ஒன்பதரை மணி அடித்ததும் பள்ளிக்கூடத்தின் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற பெண் முதல் பாடம் முடியும்வரை வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்ப்பார்கள். உள்ளே போனதும் தலைமையாசிரியை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். மூன்று சீட்டு சேர்ந்துவிட்டால் அப்பா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் வகுப்பில் இடம் கிடையாது.

மற்ற பெண்களுக்கு அது அவமானம். எனக்கு அதற்கும் மேலே. அப்பா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தார். பதிமூன்று வயதுப் பெண்ணை மூன்றாம் பாரத்துக்கு, அதாவது எட்டாம் வகுப்புக்கு, அனுப்புவது சொந்தக்காரர்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. “ஒரு பிராது வரட்டும், அன்னைக்கே நிறுத்திருவேன்” என்று சொல்லித்தான் என்னை அனுப்பியிருந்தார். சொன்னதை மாற்றுகிற மனிதர் அல்ல.

எங்கள் வீடு ஆற்றுக்கு வடக்கே கோரிப்பாளையத்தில். பள்ளிக்கூடம் ஆற்றுக்குத் தெற்கே. ஜட்கா குதிரை வண்டியில் போய் வந்தேன். வழியில் எங்கேயும் இறக்கிவிடக் கூடாது என்று வண்டிக்காரரிடம் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சந்தை நாளில் பாலத்தின் மேல் மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றுவிடும். நகராது. இறங்கி ஓடினால் மணிக்குள் போய்விடலாம்.

“அண்ணே, எறக்கி விடுங்கண்ணே, ஓடிருவேன்.”

“ஆத்தாடி! ஒங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது? பேசாம உக்காரு தாயி.”

இப்படித்தான் ஜூலை முடிவதற்குள் மூன்றாவது சீட்டும் வந்தது. அதோடு அப்பா பெயருக்கு ஒரு கடிதம். திங்கட்கிழமைக்குள் அவர் வர வேண்டும்.

கடிதத்தைச் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா தொண்டையைச் செருமினாலே அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“போயி மூஞ்சியைக் கழுவு. அப்பா வர்ற நேரம்.”

அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவிடம் கொடுக்கப் போகிறாளா, கிழித்துப் போடப் போகிறாளா, ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் வாசலைப் பார்த்தேன். அப்பா வந்துவிடுவாரோ என்று பயம். யாருமே வராமல் போனால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். உச்சி வெயில் நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தது அம்மா. தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள். வண்டியில் வந்தால் வண்டிக்காரர் அப்பாவிடம் சொல்லிவிடுவார் என்று, வறண்டு கிடந்த ஆற்று மணலில் நடந்தே வந்திருக்கிறாள். சேலைக் கரையெல்லாம் மணல்.

தலைமையாசிரியை என்னையும் உள்ளே கூப்பிட்டார். “அப்பாவைத்தானே வரச் சொன்னேன்?”

“அவுக வந்தா நாளையிலருந்து இவ வரமாட்டா டீச்சரம்மா. அதான் நான் வந்தேன்” என்றாள் அம்மா. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “வண்டி நின்னா எறங்கி ஓடக் கூடாதுங்கிறாக அவுக. நேரங்கழிச்சு வந்தா வெளிய நில்லுங்கிறீக நீங்க. நடுவுல இவ என்னம்மா செய்வா?”

தலைமையாசிரியை மேசை மேலிருந்த பதிவேட்டைப் புரட்டினார்.

“ஒருத்திக்காக விதியை மாற்ற முடியாது. ஒரு வாரம் மத்தியானம் விளையாடப் போகாமல் அறையில் உட்கார்ந்து எழுதட்டும். இனி ஒரு நாள் தாமதித்தாலும் அப்பாதான் வர வேண்டும். இதில் கையெழுத்துப் போடுங்கள்.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு இடது கையை நீட்டினாள். தலைமையாசிரியை மைப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

அந்த ஊதா மை லேசில் போகவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்தபின் அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா கட்டைவிரலை மடக்கிக்கொண்டுதான் பரிமாறினாள். ரசப் பாத்திரத்தைப் பிடித்தபோது விரல் தெரிந்துவிட்டது.

“கையில என்ன அது?”

நான் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நாவப்பழம்” என்றாள் அம்மா.

“எனக்கு வைக்கலையா?”

“அம்புட்டையும் இவ தின்னுட்டா.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ரசத்தைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். அன்றைக்கே அம்மா, காலையில் பள்ளிக்கூடத்தில் ஜெபம் சீக்கிரம் ஆரம்பிக்கிறதாம் என்று சொல்லி, வண்டியை அரைமணி முன்னதாக வரவைத்தாள்.

அதற்குப் பிறகு நான் தாமதமாகப் போனதில்லை. ஆனாலும் பாலத்தில் வண்டி நிற்கிற போதெல்லாம் முன்னால் நிற்கிற வண்டிகளை எண்ணுவேன். அப்பாவும் தலைமையாசிரியையும் தெருவில் எங்காவது சந்தித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. சந்திக்கவில்லை. ஐந்தாம் பாரம் வரை படித்தேன். கல்யாணம் பேசி முடித்ததும் நிறுத்தினார்கள். பிராது எதுவும் காரணம் இல்லை.