மாடம்மாள் கையெழுத்துப் போட்ட மனு

மாடம்மாள் யாரையும் எளிதில் நம்பமாட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். சாலை பஜாரில் ஒரு மொத்தக் கடையில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினாள். புருஷன் தளவாய் அதே தெருவில் இரும்புக் கடையில் சுமை தூக்கினான். அவனைப் போல அமைதியான ஆள் கிடையாது என்று தெருவில் சொல்வார்கள். வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடிப்பான்.

இரண்டு தடவை அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். முதல் தடவை சமாதானம் பேச வந்தவர் தளவாயின் முதலாளிக்கு வேண்டியவர். இரண்டாம் தடவை, மாதர் சங்கத்திலிருந்து வருவதாகச் சொன்ன ஒரு பெண் அவளை ஆட்டோவில் ஏற்றி அவன் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனாள். அதை அவள் மறக்கவில்லை.

2008இல் தளவாய் அவள் இடது மணிக்கட்டை முறித்தான். கட்டுப் போட்ட நர்ஸ் ஒரு பெண்கள் உதவி மையத்தின் பெயரைச் சொல்லி அனுப்பினாள். எட்டாம் வகுப்புப் படித்த மகள் அனுஷாவோடு மாடம்மாள் கரமனையில், ராகேல் என்ற தையல்காரியின் வீட்டுப் பின்னறைக்குக் குடிபோனாள். சாலை பஜார்ப் பக்கம் போவதையே விட்டுவிட்டு ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள்.

மையத்தில் அவளுக்குத் துணையாக விட்டது ஒரு மாணவியை. பெயர் ராஜஸ்ரீ. சமூகப் பணி படிப்பவள், பயிற்சிக்காக வந்திருந்தாள், ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துத் தமிழ்ப்பெண். மாடம்மாள் பேசப் பேச அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். எழுதியதை யாரிடம் காட்டுவாள் என்பதுதான் மாடம்மாளின் கவலை. காலேஜில் ஆசிரியையிடம் காட்டுவேன் என்றாள் ராஜஸ்ரீ. அந்த ஆசிரியைக்கு யார் யாரைத் தெரியுமோ என்று மாடம்மாள் நினைத்தாள். இருந்தாலும் வேறு போக்கிடம் இல்லை. தளவாயிடமிருந்து கோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டு மலையாளத்தில் எழுதிய மனுவில், படிக்கத் தெரியாமலே கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தளவாய் ராகேல் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் சத்தம் போடவில்லை. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிப்போக வந்தேன் என்று பவ்யமாகச் சொன்னான். ராகேல் துணி வெட்டும் கத்தரியைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்து அவனைத் துரத்தினாள்.

அந்த இடம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மகள் சொல்லியிருக்கமாட்டாள். ராகேலும் சொல்லியிருக்கமாட்டாள். மிச்சம் ராஜஸ்ரீ. அன்றைக்கே மாடம்மாள் வேறு இடத்துக்கு மாறினாள். அது எங்கே என்று ராஜஸ்ரீயிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பொய் சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மகளைப் பொன்முடிக்கு, எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருக்கும் சித்தி மகள் நேசமணியிடம் கொண்டுபோய் விடப்போவதாகச் சொன்னாள். தளவாய் பொன்முடி பஸ் ஏறினால், சொன்னது ராஜஸ்ரீதான் என்பது வெளிச்சமாகிவிடும். நேசமணியிடம் முன்கூட்டியே போனில் சொல்லி வைத்தாள்.

ஞாயிறு போனது, திங்களும் போனது. மலைக்கு யாரும் வரவில்லை என்றாள் நேசமணி. மாடம்மாளுக்கு நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் வந்தது. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு யார்?

அடுத்த வாய்தாவுக்கு வஞ்சியூர் கோர்ட்டுக்குப் போனபோது, எதிரே வராந்தாவில் தளவாய் ஒரு காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதைப் பார்த்தாள். அது தான் கையெழுத்துப் போட்ட காகிதம் போலவே இருந்தது. தன் பக்க வக்கீலிடம் இருந்த மனுவை வாங்கி, கூட வந்திருந்த அனுஷாவைப் படிக்கச் சொன்னாள். நாலாவது வரியில் ராகேலின் வீட்டு எண் வரைக்கும் இருந்தது.

"இதுல நான் இருக்க எடத்த ஆரு எழுதுனது?"

பக்கத்தில் நின்ற ராஜஸ்ரீ அந்த வரியை எட்டிப் பார்த்தாள். "நான்தான் அக்கா. ஃபார்ம்ல கேட்டிருந்தது, எழுதிட்டேன். ஒரு காப்பி அவருக்கும் போகும்னு நேக்கு அப்போ தெரியாது."

"அப்ப அவங்கிட்ட நீ வாயால சொல்லல. எழுதிக் குடுத்திருக்க."

ராஜஸ்ரீ மறுக்கவில்லை. டைப் அடித்தவன் மேலோ வக்கீல் மேலோ பழி போடுவாள் என்று மாடம்மாள் காத்திருந்தாள். அவள் போடவில்லை. அன்று மாலையே தன் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இனி நோட்டீஸ் எல்லாம் மையத்தின் விலாசத்துக்கே வர வேண்டும் என்று வக்கீல் ஒரு மனுக் கொடுத்தார். இந்த வழக்குக்கு வேறு மாணவியைப் போடலாம் என்று ஆசிரியை முடிவு செய்தார்.

மறுநாள் ஆசிரியை மையத்துக்கு வந்திருந்தபோது மாடம்மாளும் வந்தாள். "இவளே வரட்டும் டீச்சர். என்ன தப்பு செஞ்சோம்னு இவளுக்குத் தெரியும். புதுசா வாறவளுக்கு அது தெரியாதுல்லா."

விசாரணை நாளில் ராஜஸ்ரீக்குப் பேச அனுமதியில்லை. கதவோரம் நின்றாள். மனைவி தானாக வீட்டை விட்டு இறங்கிப் போனவள் என்றார் தளவாயின் வக்கீல். மாஜிஸ்திரேட் மலையாளத்தில் கேட்க, மாடம்மாள் பாதி தமிழும் பாதி மலையாளமுமாக, ஒவ்வொரு அடியையும் எந்த மாதம் என்று சொல்லி வந்தாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். அது முழுதாகத் திரும்பவில்லை. அவள் இருக்கும் இடம், வேலை செய்யும் இடம், மகளின் பள்ளிக்கூடம் எதன் பக்கமும் தளவாய் வரக்கூடாது என்று உத்தரவானது.

ஒரு தடவை அவன் பள்ளி வாசலுக்கு வந்தான். அனுஷா நேரே ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனாள், அவர் போலீஸைக் கூப்பிட்டார். அதன் பிறகு அவன் வரவில்லை.

பயிற்சி முடிந்து ராஜஸ்ரீ விடைபெறும் நாளில் மாடம்மாள் பொன்முடிப் பொய்யைச் சொன்னாள். தான் வைத்த பரீட்சை அது என்றாள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றாள் ராஜஸ்ரீ.

இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மாடம்மாளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள்.